தேய்த்த முகப்பில் கறை, தேய்க்காத பக்கம் பளிச்: சாக் பெயிண்ட் அடித்த ஓர் அலமாரியின் நிகழ்வு ஆய்வு

மேலே இரண்டு சின்ன டிராயர், கீழே மூன்று பெரிய டிராயர், குட்டைக் கால்கள். மகாகனி நிறத்தில் பாலிஷ் போட்ட பழைய அலமாரி அது. அதன் சொந்தக்காரரான அக்கா தன் கையாலேயே அதற்கு வெளிர் வெள்ளையில் சாக் பெயிண்ட் அடித்திருந்தார். அடித்த விதத்தில் அவசரம் தெரியவில்லை. பிரஷ் தடம் ஒழுங்காக ஓடியிருந்தது, விளிம்புகளில் வழிசல் இல்லை. ஆனாலும் அலமாரி சரியாக வரவில்லை. டிராயர் முகப்பெல்லாம் இளஞ்சிவப்புத் திட்டுகள். மேல்பலகையில் நகம் பட்டாலே தோலாக உரியும் இடங்கள், நடுவில் கோப்பை வைத்த வளையங்கள், ஒரு மூலையில் ஊசி முனை அளவுக்குக் குழிகள். டிராயர்களை இழுத்தால் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

இரண்டு பக்கப் பலகைகள் மட்டும் பழுதே இல்லாமல் இருந்தன. அதே பெயிண்ட், அதே பிரஷ், அதே கை. மற்ற இடங்கள் ஏன் கெட்டன என்று தேடுவதற்கு முன்னால், இந்தப் பக்கங்கள் ஏன் கெடவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“பக்கத்துக்கு என்னக்கா செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்யலை தம்பி. டிராயர் முகப்புக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன். மரம் தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அதுக்குள்ள கை ஓய்ஞ்சு போச்சு. பக்கத்தைச் சோப்புத் தண்ணியில துடைச்சிட்டு அப்படியே அடிச்சிட்டேன்.”

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மெனக்கெட்டுத் தேய்த்த இடத்தில் கறை, தேய்க்காமல் விட்ட இடத்தில் ஒன்றுமில்லை. மர வேலை தெரிந்த யாரும் இதைத் தலைகீழாகத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இந்தப் பெயிண்டின் குணம்

சாக் பெயிண்ட் என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். பிரிட்டனைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் கொண்டுவந்த அலங்காரப் பெயிண்டுக்கு வைத்த பெயர் அது. பிறகு அதே மாதிரி மங்கலான, மாவு படிந்த தோற்றம் தரும் எல்லாப் பெயிண்டையும் மக்கள் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுதி அழிக்கும் கரும்பலகைப் பெயிண்ட் இதிலிருந்து வேறு. அது கெட்டியான, தேய்மானம் தாங்கும் படலம். இதையும் அதையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

எந்தப் பெயிண்டிலும் நிறமியும் நிரப்பும் தூளும் இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கப் பைண்டர் இருக்கும். பளபளப்பான எனாமலில் பைண்டர் தாராளமாக இருப்பதால் தூள்களுக்கு நடுவே இடைவெளியே இருக்காது, மேலே கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். சாக் பெயிண்டில் கால்சியம் கார்பனேட் போன்ற தூள் மிக அதிகம். பைண்டர் தூள்களை ஒட்டவைக்கும், ஆனால் இடைவெளி முழுவதையும் நிரப்பாது. வெளிச்சம் அந்தக் கரடுமுரடான பரப்பில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த அழகான மங்கல் வருகிறது. அதே காரணத்தால் காய்ந்த படலம் முழுக்க நுண்துளைகள். மேலே பூசும் மெழுகை அது நன்றாகக் குடிக்கும். கீழே இருந்து ஏதாவது கசிந்தால் அதையும் குடிக்கும்.

இதைப் பெயிண்டின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மரச்சாமானுக்கு இவ்வளவு மென்மையான முகத்தை எனாமல் ஒருநாளும் தராது. தண்ணீரில் கரைவதால் வாடையும் குறைவு, பிரஷைக் குழாயடியிலேயே கழுவிவிடலாம். ஆனால் இது ஒரு திறந்த படலம் என்ற நினைப்பு வேலை முடியும் வரை மனதில் இருக்க வேண்டும். இந்த அலமாரியில் வந்த சிக்கல்களில் முக்கால்வாசி அதை மறந்ததால் வந்தவை.

சோதித்துப் பார்த்தது

முதலில் பழைய பாலிஷ் எது என்று தெரிய வேண்டும். பின்பக்கம் பெயிண்ட் படாத ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டேன். சற்று நேரத்தில் அந்த இடம் பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. அப்படியானால் அரக்கு பாலிஷ், அதாவது ஷெல்லாக். லாக்கர் என்ற வேறு வகைப் பூச்சாக இருந்தால் ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாது, லாக்கர் தின்னரில்தான் கரையும். பாலியூரிதேன் பூச்சு இரண்டுக்கும் லேசில் மசியாது. இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்யாமல் பழைய சாமானில் கை வைப்பதே தப்பு என்பது என் கருத்து. செலவில்லாத சோதனை, ஒரு நிமிட வேலை.

அடுத்தது சாயம். ஒரு டிராயரைக் கழற்றி, முகப்பின் மேல் விளிம்பில் உப்புத்தாள் பட்டும் பெயிண்ட் படாத இடத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தேன். துணி ரோஜா நிறமானது. அதே இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியில் லேசான பழுப்பு மட்டுமே வந்தது, சிவப்பு வரவில்லை. பின்பக்கத்தில் பாலிஷ் கலையாத இடத்தில் ஈரத்துணி போட்டுத் தேய்த்தபோது துணி வெள்ளையாகவே இருந்தது.

இந்த மூன்று துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகிவிடும். அலமாரி அசல் மகாகனி கிடையாது. வேறொரு மரத்தில் சிவப்புச் சாயம் ஏற்றி, அதன்மேல் அரக்கு பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சாயம் தண்ணீரில் கரையும் வகை, ஸ்பிரிட்டில் கரையாதது. அரக்கு தண்ணீரில் கரையாது. ஆகவே பழைய பாலிஷ் இருந்த வரைக்கும் சாயத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அக்கா தேய்த்து எடுத்தது அந்தச் சுவரை.

சுவர் போனபின் நடந்தது எளிது. பெயிண்டில் இருந்த தண்ணீர் சாயத்தைக் கரைத்தது. தண்ணீர் மேற்பரப்பில் ஆவியாக ஆவியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நுண்துளைப் படலம் கரைந்த சாயத்தை மேலே இழுத்தது. கறை தெரிந்ததும் அக்கா இன்னொரு கோட் அடித்தார், கறை அதிகமானது. இன்னும் ஒன்று அடித்தார், பரவியது. ஒவ்வொரு கோட்டும் கூடுதல் தண்ணீர்தானே! கறையை மூடக் கூடுதல் பெயிண்ட் அடிப்பது பெரும்பாலோர் செய்வது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனாமலில் அது பலிக்கவும் கூடும், இங்கே பலிக்காது.

சாயம் போடாத மரத்திலும் இது வரும். ஓக், அசல் மகாகனி மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரங்களில் தண்ணீர் பட்டால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கசியும். மர முடிச்சுகளில் பிசின் கசியும். வழி ஒன்றுதான், அதைக் கீழே சொல்கிறேன்.

மேல்பலகையின் கதை வேறு. அங்கே உரிந்திருந்த ஒரு துண்டை மெதுவாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவியது. அடிப்பக்கம் வழவழப்பாக, விரலில் லேசாக வழுக்கியது. பெயிண்ட் அதில் ஒட்டி வரவில்லை, பலகையிலேயே இருந்தது. உரிந்த துண்டின் அடியில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் பிடிப்பு விட்டது என்று சொல்ல முடியும். பெயிண்டும் சேர்ந்து வந்திருந்தால் அடிப்பரப்பில் கோளாறு. இங்கே வார்னிஷ் மட்டும் தனியாக வந்தது. கேட்டதில் தெரிந்தது: முதலில் மெழுகு பூசியிருக்கிறார், சூடான கோப்பை வைத்து வளையம் விழுந்ததும் பலகையைக் காப்பாற்றுவதற்காக மெழுகின்மேலேயே தண்ணீர் வார்னிஷ் அடித்திருக்கிறார். மெழுகின்மேல் எந்த வார்னிஷும் நிற்காது. வார்னிஷின்மேல் மெழுகு போடலாம், அது பிரச்சினையில்லை. இந்த வரிசை மாறவே கூடாது.

வளையம் விழுந்ததற்கும் காரணம் உண்டு. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், கார்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரியில். மரச்சாமான் மெழுகு பெரும்பாலும் இப்படிப்பட்டவற்றின் கலவை, கரைப்பானும் சேர்ந்திருக்கும், பூசிய முதல் சில வாரங்களுக்கு இன்னும் இளக்கமாகவே இருக்கும். அப்போதுதான் ஊற்றிய சூடான கோப்பையை அதன்மேல் வைத்தால் தடம் விழாமல் எப்படி இருக்கும்?

மூலையில் இருந்த ஊசிக் குழிகள் தனிக் கதை. மரச்சாமானைப் பளபளப்பாக்க அடிக்கும் ஸ்பிரே பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கான் இருக்கும். அது பட்ட இடத்தில் பெயிண்ட் பரவாமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுருங்கி விலகும். வழக்கமாக அந்த மூலையில்தான் ஸ்பிரே அடித்துத் துடைக்கத் தொடங்குவாராம்.

டிராயர் ஒட்டியதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. டிராயரின் பக்கவாட்டிலும் அது ஓடும் சட்டத்திலும் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட்மேல் பெயிண்ட் அழுந்தி உட்கார்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பழைய மரச் சட்டங்களில் ஒரு தாள் அளவு கனம் கூடினாலே இடைவெளி போய்விடும்.

சரிசெய்தது

முகப்பில் இருந்த பெயிண்டை நான் எடுக்கவில்லை. கறை படிந்திருந்தாலும் அது கெட்டியாகவே ஒட்டியிருந்தது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன், கட்டம் ஒன்றுகூடப் பெயரவில்லை. கறை வந்ததும் வேலையை நிறுத்திவிட்டதால் முகப்புக்கு மெழுகு போடவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். மெழுகு இருந்திருந்தால் டர்பன்டைன் துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

தேவைப்பட்டது இடிந்த சுவரைத் திரும்ப எழுப்புவது மட்டுமே, அதையும் அதே சரக்கைக் கொண்டு. மெழுகு நீக்கிய அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். கணக்கு, லிட்டருக்குச் சுமார் 240 கிராம். முகப்புகளுக்குக் கால் லிட்டரே அதிகம், அதற்கு 60 கிராம் போதும். மெழுகு நீக்கியது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். இயல்பான அரக்கில் சுமார் 5 சதவீதம் வரை மெழுகு உண்டு, அதன்மேல் தண்ணீர் பெயிண்டின் பிடிப்பு நிச்சயமில்லை. செதில் முழுதாகக் கரைய ஓர் இரவு ஆகும். மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பழைய கரைசல் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்து அடித்துவிட வேண்டாம். நாள்பட்ட அரக்குக் கரைசல் சரியாகக் காயாது. ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, காய்ந்தபின் நகம் பதிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அரக்கை அடிப்பதில் ஒரு கை பழக்கம் வேண்டும். பிரஷை நிறையத் தோய்க்காமல், ஒரே ஓட்டமாக ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுத்து, விட்டுவிட வேண்டும். ஸ்பிரிட் உடனே பறந்துவிடும், பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் திரும்பப் போனால் இழுபட்டுக் கோடு விழும். மெல்லிய இரண்டு கோட், நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. காய்ந்ததும் முகப்புகள் தேன் நிறத்தில் பளபளத்தன. அக்காவுக்கு அதைப் பார்த்துக் கவலை, இதன்மேல் எப்படிப் பெயிண்ட் பிடிக்கும் என்று. 320 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தொட்டுவிட்டேன். தொடுவது வேறு, தேய்த்தெடுப்பது வேறு. பக்கத்தில் இருந்து அவரையே ஒரு டிராயருக்குச் செய்யச் சொன்னேன், கை எவ்வளவு லேசாகப் போக வேண்டும் என்பது சொல்லித் தெரிகிற விஷயம் இல்லை.

அப்புறம் ஒரே ஒரு டிராயருக்கு மட்டும் ஒரு கோட் வெள்ளை அடித்து, மறுநாள் வரை விட்டோம். சாயக் கசிவு சில நேரம் பெயிண்ட் காய்ந்த பிறகும் மெதுவாகத் தலைகாட்டும், காத்திருப்பது நல்லது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதன்பிறகே மற்றவற்றுக்கும் இரண்டு கோட் போட்டோம். டப்பாவில் பெயிண்ட் கெட்டியாகியிருந்ததால் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டோம். சாக் பெயிண்டில் அது சகஜம்.

மேல்பலகையில் பெரிய வேலை. வார்னிஷ் தோலை மழுங்கிய ஸ்கிரேப்பரால் உரித்தோம், முக்கால்வாசி தானாகவே வந்தது. பிறகு டர்பன்டைன் தோய்த்த துணியால் மெழுகை எடுத்தோம். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த மெழுகையே திரும்பத் தடவுவோம். பயன்படுத்திய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காயவைத்தோம். பிறகு எண்ணெய்ப்பசை போக்கும் சோப்புக் கரைசலாலும் நல்ல தண்ணீர்த் துணியாலும் துடைத்துக் காயவிட்டோம். குழி விழுந்த மூலைக்கு மட்டும் 180 நம்பர் தாள் போட்டுச் சமப்படுத்தினேன். அடியில் இருப்பது வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், சில இடங்களில் அரை மில்லிமீட்டர்தான் தேறும். அழுத்தித் தேய்த்தால் வெனீர் தீர்ந்து அடிமரம் வந்துவிடும், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பலகை முழுவதுக்கும் அரக்கு ஒரு கோட். சிலிக்கான் மிச்சம் இருந்தாலும் அரக்கு அதை அடியிலேயே அடக்கிவிடும்.

மேல்பலகையை மரமாகவே விட்டுவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தினமும் கை படுகிற, கோப்பை வைக்கிற பரப்பு அது. வெள்ளை உடலும் மர மேல்பலகையும் சேர்ந்தால் அழகாகவும் இருக்கும். அக்காவுக்கு முழுக்க வெள்ளைதான் வேண்டும். சரி, அவர் சாமான். ஆனால் அங்கே மெழுகு வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கோட் பெயிண்டுக்கு மேல் தண்ணீர் வகை கிளியர் வார்னிஷ் மூன்று கோட். எண்ணெய் வகை பாலியூரிதேன் இன்னும் கெட்டி, ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், வெள்ளைக்கு ஆகாது. முதல் கோட் வார்னிஷை அந்த நுண்துளைப் பரப்பு திட்டுத்திட்டாகக் குடித்துவிடும், பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஈரத்திலேயே பிரஷ் போடாமல் காயவிட வேண்டும். காய்ந்ததும் 400 நம்பர் தாளால் லேசாகத் தொட்டு, அடுத்த கோட். இரண்டாவதில் பரப்பு சமமாகிவிடும். மொத்தத்தில் நிறம் அரை அளவு அழுத்தமாகவும் தெரியும், பக்கங்களோடு ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே ஒரு பலகைத் துண்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

முகப்புக்கும் பக்கங்களுக்கும் மெழுகு. இங்கே பெரும்பாலோர் செய்வது, தாராளமாகப் பூசி விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் பிசுக்காகவே இருக்கும், தூசி ஒட்டும். பஞ்சு உதிராத துணியில் கொஞ்சமாக எடுத்து, பெயிண்டுக்குள் இறங்கும்படி தேய்த்து, மிச்சத்தைச் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விரலால் இழுத்தால் விரல் தடையில்லாமல் ஓட வேண்டும், தடம் பதியக் கூடாது. அதுதான் அளவு. கைப்பிடியைச் சுற்றி லேசாகப் பழமைத் தோற்றம் வேண்டும் என்று அக்கா கேட்டார். அதற்கு அடர்நிற மெழுகை நேரடியாகப் போடாமல், நிறமற்ற மெழுகு காய்ந்தபின் அதன்மேல் போட்டோம். நேரடியாகப் போட்டால் நுண்துளைகள் அந்தப் பழுப்பை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. நிறமற்ற மெழுகின்மேல் போட்டது அதிகமாகிவிட்டால், அதே நிறமற்ற மெழுகைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

டிராயர் பக்கவாட்டிலும் சட்டத்திலும் இருந்த பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிட்டேன். அங்கே பெயிண்டுக்கு வேலையே இல்லை.

தேய்க்கலாமா, கூடாதா?

இந்த அலமாரியை வைத்து, தேய்க்கவே கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய பாலிஷ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும், ஆடுகிற சுவர் எதையும் தாங்காது. லேமினேட், மெலமைன் மாதிரி வழுவழுப்பான பரப்புகளுக்கு லேசான உரசலாவது தேவை. மிகப் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, சோதிக்காமல் உப்புத்தாளைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் மரச்சாமான் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கேடு. ஆனால் பாலிஷ் உறுதியாக இருக்கும் சாமானில், எல்லோரும் முக்கியம் என்று நினைக்கும் தேய்ப்பைவிட எல்லோரும் அலட்சியமாகச் செய்யும் துடைப்புதான் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு, பழைய மெழுகு, ஸ்பிரே பாலிஷ் மூன்றும் போயிருந்தால் சாக் பெயிண்ட் பழைய பாலிஷின்மேல் நன்றாகவே பிடிக்கும். அந்தப் பக்கப் பலகைகளே சாட்சி.

வார்னிஷ், மெழுகு இரண்டும் முழுக்க இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் அதுவரை மேலே எதையும் வைக்க வேண்டாம், ஈரத்துணி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது மேல்பலகையில் தடம் இல்லை, டிராயர்கள் ஒரு விரலுக்கு ஓடின. கீழ் டிராயரின் சாவித்துவாரத்தின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய ரோஜாக் கோடு ஒன்று எட்டிப்பார்த்தது. வெட்டிய மர ரேகையின் முனை அங்கே திறந்திருப்பதால், போட்ட அரக்கை மரம் குடித்துவிட்டது. அந்த இடத்து மெழுகைப் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு எடுத்து, மெல்லிய தூரிகையால் துவாரத்துக்குள்ளேயே அரக்கு மூன்று தடவை வைத்து, மேலே வெள்ளையைத் தொட்டுவிட்டோம். இந்தமுறை பிரஷைப் பிடித்தது அக்கா.